கிராவல் மேட்டில் நாலு முட்டைகள்

கேமரா கெட்டதற்கு என் சோம்பேறித்தனம்தான் காரணம். கடலோரக் குருசுக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு எவனாவது லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் வைப்பானா? நான் வைத்தேன். கடல் காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்றுகொண்டிருக்கிறது, லென்ஸை விட்டுவைக்குமா? மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது, ஷட்டரும் இறுகிப்போயிருந்தது. ரிப்பேர்காரரிடம் நான்கு மாதம் கிடந்தது. தினமும் போன் போட்டு அந்த மனிதரை ஒருவழி பண்ணிவிட்டேன். "பார்ட்டு வந்தாத்தான சார் போடுவேன், நானா அத செய்றேன்?" என்று ஒருநாள் அவரே கத்திவிட்டார்.

சித்திரைக் கடைசியில் கேமரா கைக்கு வந்தது. பத்து வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறவன் நான். நான்கு மாதம் ஒரு காக்கையைக்கூட எடுக்கவில்லை. கை பரபரத்தது.

எங்கள் ஆபீஸ் ஜீப் ஓட்டும் டிரைவருக்கு ஊசுட்டேரிப் பக்கம் கிராமம். அங்கே ஒரு மனை வாங்கி, வீடு கட்டுவதற்காகக் கிராவல் அடித்து வைத்திருந்தார். அந்தக் கிராவல் மேட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நாலு முட்டை இட்டுவிட்டது. கூடு என்று ஒன்றும் கிடையாது அதற்கு. தரையில் சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையும் கிராவல் கல்லும் ஒரே நிறம்.

டிரைவரின் மனைவி மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். குஞ்சு பொரிக்கும் வரை கடைக்கால் தோண்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். சித்திரை வாஸ்து நாளுக்கு ஐயரிடம் சொல்லி, மேஸ்திரியிடமும் சொல்லி எல்லாம் ஆகியிருந்தது. அதைத் தள்ளி வைகாசிக்கு மாற்ற வைத்தாள். மாமியார்க்காரி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாளாம். "மொத மண்ணு எடுக்கும்போதே ஒரு குடும்பத்த கலைக்கக் கூடாதுன்றா சார். எங்கம்மா, அதுங்க பொரிக்கலன்னா பாத்துக்குறேன்னு சொல்லுது. நடுவுல மாட்னவன் நான்" என்றார் டிரைவர். டிரைவரின் மனைவி என்னைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். தான் செய்தது சரி என்று வீட்டில் காட்ட அவளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது.

எனக்கு வேண்டியது வேறு. அக்னி நட்சத்திர வெயிலில் ஆள்காட்டி தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும். வெயில் தணியும்வரை இதேதான் வேலை. ஈரம் சொட்டச் சொட்ட அது வந்து நிற்கிற படத்தை எங்கள் பறவைப் பட வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்டு வருடம் பூரா பெருமை பேசினார். அது எனக்கு வயிற்றெரிச்சல். அதனால் வேண்டுமென்றே உச்சி வெயிலுக்குப் போனேன்.

மேட்டுக்கு எதிரே பன்னிரண்டு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"சார், ரொம்பக் கிட்ட இருக்கீங்களே, பயப்புடாதா அது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ ஷிப்டுக்குக் கெளம்பு."

கிளம்பிப் போய்விட்டாள். கீழே கிடந்த லென்ஸ் மூடியை எடுக்கும்போது கிராவலில் விரல் பட்டுச் சுரீரென்றது. ஊதிக்கொண்டேன், அதோடு மறந்தேன்.

பறவை வந்தது. வயிறு நனைந்து, மூக்குக்கு மேல் சிவப்பு மடல் பளபளக்க, முட்டைக்கு ஆறடி தள்ளி நின்றது. என்னைப் பார்த்துக் கத்தியது. இறக்கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தது, திரும்பி ஓடியது. ஷட்டர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அடடா, அந்த ரிப்பேர்காரர் கைக்குத் தங்க வளையல் போடலாம்! பறவை பறந்துபோனது, மறுபடி நனைந்து வந்தது, மறுபடி கத்தியது. இறக்கையின் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேட்டரி தீர்ந்த பிறகுதான் எழுந்தேன்.

சாயங்காலம் மூன்று படங்களைக் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. அதில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: "முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் படத்தையும் போடுங்கள்."

இருக்கும் என்று நினைத்துத்தான் தேடினேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். நிற்கிறது, ஓடுகிறது, கத்துகிறது, பறக்கிறது. உட்கார்ந்த படம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு படத்தின் அடியிலும் நேரம் இருக்கிறதே, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க நாலு முட்டைகளும் கொதிக்கிற கல்மேல் வெறுமனே கிடந்திருக்கின்றன. பறவை என்னிடம் வீரம் காட்டவில்லை. எழுந்து போடா என்று கெஞ்சியிருக்கிறது.

ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் டிரைவர், "குருவி நல்லா உக்காந்துருக்கு சார்" என்றபோது போன உயிர் திரும்பி வந்தது. தினமும் செய்தி சொன்னார். அவர் மனைவி காலண்டரில் நாள் கிழிக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றார். இன்னும் நாலு நாள். இன்னும் ரெண்டு நாள். நாள் தாண்டியும் பறவைகள் மாறி மாறி உட்கார்ந்தன, தண்ணீரில் நனைந்து வந்து உட்கார்ந்தன. செத்த முட்டைகளை இரண்டு வாரம் அடைகாத்தன. பிறகு ஒருநாள் காலையில் பறவைகள் இரண்டையும் காணவில்லை. டிரைவரின் அம்மா ஒரு முட்டையை எடுத்துச் சுவரில் அடித்தாளாம். நாற்றம் தெரு முழுக்க அடித்தது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு பைல் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

வைகாசியில் மனை முகூர்த்தம். படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், முடியாது என்று சொல்ல வாயில்லை. கிராவலை நிரவியிருந்தார்கள். ஈசானிய மூலையில் குழி வெட்டி, மஞ்சள் குங்குமம் வைத்த செங்கற்கள் தயாராக இருந்தன. டிரைவரின் மனைவி முதல் கல்லை எடுக்கக் குனிந்தாள்.

"நீ தொடாத" என்றாள் மாமியார். "நல்ல நாள தள்ளுன. வாயில்லாத ஜீவன்கூட உன் கையால வெளங்கல. பெரியவ எடுக்கட்டும்."

டிரைவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி குழியைப் பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. மூத்த மருமகள் தயங்கித் தயங்கி வந்து கல்லை எடுத்து வைத்தாள். "தம்பி, எடுப்பா போட்டோ" என்றாள் கிழவி என்னிடம். எடுத்தேன். ரிப்பேர் ஆன கேமரா அப்படியே துல்லியமாகப் பிடித்தது. ஓரத்தில், வெறும் கையோடு நிற்கிறவளும் அந்தப் படத்தில் இருக்கிறாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு டம்ளர் காபியோடு அவள் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் அங்கேயே நின்றிருந்தேன். சத்தியமாக அதற்குத்தான் நின்றிருந்தேன். மாமியார் நாலடி தூரத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் காதிலும் விழும்.

அதற்குள் இவள் பேசிவிட்டாள்.

"மன்னிச்சிக்குங்க சார். என் பேச்சக் கேட்டு உங்களயும் அவ்ளோ நேரம் வெயில்ல காய வெச்சிட்டேன். எல்லாம் என் ராசி."

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"பரவால்லம்மா" என்றேன்.