எழுபத்தைந்து டிகிரி சோறு

காலை ஆறரைக்கு வேலைக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் காரியம், குளிர்பெட்டிகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது. சிரிக்காதீர்கள். பாரிஸ் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை எனக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்குமே, அதே மாதிரி பெட்டிக்கு ஒரு தாள். மூன்று டிகிரி, இரண்டரை, மறுபடி மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வந்த புதிதில் இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. புதுச்சேரியில் சாரம் என்கிற பகுதியில், மில் தொழிலாளி வீட்டில், மீன்குழம்பைச் சுண்டவைத்து மூன்றாம் நாளும் தின்று வளர்ந்த உடம்பு இது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்ததால் இங்கே வந்து சேர்ந்தவன் நான். பதினாறு வருஷத்தில் அந்தப் பைத்தியம் எனக்கும் நன்றாகவே பிடித்துவிட்டது. எங்கள் தலைமைச் சமையல்காரி மதாம் ஒடீல் சொல்லிக் கொடுத்ததைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். சமைத்த சோறு அறுபத்து மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறக்குவதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்துக்குக் கீழே போய்விட வேண்டும்.

என் தங்கை கலாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, சாரத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தபோது, டாக்டர் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எச்சரித்தாராம். எதிர்ப்புச் சக்தி இருக்காது, சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும், பச்சையாக எதுவும் வேண்டாம், வெளிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். கேட்டதும் எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சந்தோஷம். அவள் நோய்க்கு மருந்து தர என்னால் முடியாது. ஆனால் இது என் தொழில். சித்திரையில் ஒரு மாத லீவு போட்டு, பெட்டியில் சமையலறைத் தெர்மாமீட்டரோடு போய் இறங்கினேன். அவள் புருஷன் சேகர் உப்பளம் பக்கம் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். அடுப்படியை முழுசாக என்னிடம் விட்டுவிட்டார். பலகை தனி, கத்தி தனி, துணி தனி. வாசலுக்குச் சாம்பார்க் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவை அப்படியே திருப்பி அனுப்பினேன். அந்த அம்மாள் முகம் செத்துப் போயிற்று. கலா என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் ரத்தப் பரிசோதனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வர நேரமாகும் என்று முந்தின நாளே சோறு வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். பாடம் பிசகவில்லை. வெயிலில் வதங்கி நாலரைக்கு வீடு வந்தோம். ஃபிரிட்ஜுக்கு அடியில் தரையெல்லாம் தண்ணீர். யாரோ சிந்திவிட்டிருக்கிறார்கள் என்று துணியால் துடைத்தேன். சோற்றைச் சூடு பண்ணித் தெர்மாமீட்டரைக் குத்தினேன். எழுபத்தைந்தைத் தாண்டியது. எந்தக் கிருமியும் சாக அது போதும்.

"அண்ணா, அந்த அக்கா வீட்ல இப்பத்தான் கஞ்சி எறக்குனாங்களாம். சுடச்சுட ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிக்கிறேனே. சோறு எறங்காதுண்ணா."

"அவங்க என்ன பாத்திரத்துல வெச்சாங்களோ. இது எழுபத்தஞ்சி டிகிரிமா. சாப்புடு."

சாப்பிட்டாள். எனக்காகத்தான் சாப்பிட்டாள். ஆறரைக்கு வாந்தி ஆரம்பித்தது. கடையிலிருந்து ஓடி வந்த சேகர் அவளைத் தாங்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"ஃபிரிட்ஜில வெச்சதா குடுத்தீங்க? காலைல ஒம்பதுலேர்ந்து நாலு மணி வரைக்கும் கரண்டே இல்லியே மச்சான். நேத்தே சொன்னனே, மாசாந்தரக் கட்டுன்னு."

சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பதினாறு வருஷமாக ஃபிரிட்ஜ் என்றால் குளிர்ந்துதான் இருக்கும் என்று நம்பிப் பழகியவன் நான். சாரத்தில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் அந்தத் தண்ணீருக்கு அர்த்தம் சொல்லியிருப்பாள். ரப்பர் கிழிந்த கதவுக்குள், அந்த வெக்கையில், ஏழு மணி நேரம் சோறு இருந்திருக்கிறது. அரிசியோடு வருகிற ஒரு கிருமிக்கு வித்து உண்டு, உலையில் கொதித்தாலும் அது சாகாது. சூடு தணிந்து வெதுவெதுப்பானால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடு பண்ணினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். இதற்குப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன் நான். பொங்கப் பொங்கக் கொதித்த கஞ்சியைத் தடுத்து, இதைக் கொடுத்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

வாந்தி பேதியானது, பேதி காய்ச்சலானது. பத்து நாள் ஆஸ்பத்திரி. அடுத்த ஊசி ஒரு முறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை. எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் சொல்ல முடியும். லீவு முடிந்து விமானம் ஏறினேன். வேறென்ன செய்ய? வேலைக்குத் திரும்பிய அன்று மதாம் ஒடீல் தங்கையைப் பற்றி விசாரித்தாள். என் பிரெஞ்சு அடுப்படிக்குப் போதும், அழுவதற்குப் போதாது. "நான்தான் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தேன்" என்று மட்டும் சொல்ல வந்தது. அவள் என் தோளைத் தட்டி, "எவ்வளவு நல்ல அண்ணன் நீ" என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. இல்லை மதாம், அப்படியில்லை என்று தொடங்கினேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் என் குற்றத்தைக் கேட்டுக்கொள்ள ஒரு ஆள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, போன வாரம், சேகர் கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை, அதுவே பயமாக இருந்தது.

"ஊசி இனிமே வேணாம்னுட்டாங்க மச்சான். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவளுக்குப் பிடிச்சது எது வேணா குடுக்கலாமாம்."

இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சோற்றால் இல்லை மச்சான், டாக்டரே சொல்லிட்டார் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனுஷன். நான் நம்பவில்லை, சாகும்வரை நம்பப் போவதும் இல்லை. அடுத்த வெள்ளிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அதுவரை அவள் இருக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

நேற்று மதியப் பரிமாறல் முடிந்து பின்வாசல் படியில் நின்றிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டார்கள். கலா தலையணையில் சாய்ந்திருந்தாள், எலும்பும் தோலுமாக. மடியில் ஒரு தட்டில் மாங்காய்ப் பத்தை, மேலே உப்பும் மிளகாய்த்தூளும். கடற்கரை வண்டியில் விற்பது. எடுத்து வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, சாப்புடலாமா?"

எந்தக் கத்தியில் நறுக்கினது, எந்தத் தண்ணீரில் கழுவினது, எவ்வளவு நேரமாகத் திறந்து கிடந்தது என்று எல்லாக் கேள்விகளும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

"சாப்புடுமா."

கடித்து, மெதுவாக மென்றாள். மருந்தில் அவளுக்கு நாக்கு செத்து மாதக்கணக்காகிறது.

"ஒரு ருசியும் தெரியலண்ணா" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரிந்தது. தலையில் வலைத்தொப்பியோடு அந்தப் படியில் நின்று, பல் கூச, வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினேன்.