பெருக்கச் சொன்னான்

நானும் தம்பியும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து எங்களைத் திருப்பூருக்கு அழைத்து வந்து பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பில் இருவருமே அறிவியல் பிரிவு. அவன் படித்தது ஆண்கள் பள்ளி, நான் பெண்கள் பள்ளி. எங்கள் பள்ளியில் அந்த வருடம் முழுக்க வேதியியலுக்கு ஆசிரியை இல்லை.

"ரெண்டு பேரையும் டியூஷனுக்கு அனுப்ப முடியாது. அவன் படிச்சுட்டு வந்து உனக்குச் சொல்லித் தரட்டும்" என்றார் அப்பா.

அவன் டியூஷனில் இருக்கும் நேரத்தில் நான் அம்மாவோடு உட்கார்ந்து பனியன்களில் நூல் பிசிறு வெட்டுவேன். அவன் வந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே அன்றைய பாடத்தைக் கேட்பேன். மோல் கணக்கையும் அப்படித்தான் கேட்டேன்.

"எதைக் கொடுத்தாலும் முதல்ல மோலா மாத்தணும். எடைன்னா மூலக்கூறு எடையால வகு. துகள்னா அவகாட்ரோ எண்ணால வகு. வாயுவோட கன அளவுன்னா இருபத்திரண்டு புள்ளி நாலால பெருக்கு."

"அதை மட்டும் ஏம்ல பெருக்கணும்?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் எனக்குப் புரியவில்லை. சாரிடம் கேட்டு வந்தவனை நம்பினேன்.

முழுஆண்டுத் தேர்வுக்கு மாவட்டம் முழுவதும் ஒரே வினாத்தாள். 5.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடின் எடை என்ன என்று கேட்டிருந்தார்கள். பெருக்கினேன். ஐந்தரைக் கிலோ வந்தது. ஒரு குடத்தைக்கூட நிறைக்காத வாயு இவ்வளவு கனக்குமா என்று கை தயங்கியது. ஆனாலும் எழுதினேன். அதைப் போன்ற மற்ற கணக்குகளையும் அப்படியே போட்டேன்.

வீட்டு வாசலில் அவன் கேட்டான், "பதினோரு கிராம்தான?"

"நீதானல பெருக்கச் சொன்ன?"

"அது நான் தப்பா எழுதிட்டு வந்தது. மறுவாரமே சார் திருத்திட்டாரு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றான்.

வேதியியலில் நான் தேறவில்லை. "படிப்பு ஏறாதவளை எதுக்குத் திரும்ப அனுப்பணும்? கம்பெனிக்கு வரட்டும்" என்றார் அப்பா. தம்பி பக்கத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன காலையில் நான் கம்பெனியில் தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்குப் போனேன். சூப்பர்வைசரம்மா ஒரு கட்டு பனியனை என் முன்னால் தள்ளினார். "ஏங்கண்ணு, படிக்கற வயசாச்சே, பள்ளிக்கூடம் போகலையா?"

"பிடிக்கலீங்க" என்றேன்.