'விடு' என்றால் தண்ணீர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை அக்கம்பக்கத்தில் 'லிஃப்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத ஆள். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் உச்சியில் மோட்டார் அறைகளில் கிடந்துவிட்டு வந்தாலும் வீட்டில் கை சும்மா இருக்காது. காலிங் பெல்லைக் கழற்றுவான், மிக்ஸியைப் பிரிப்பான். நன்றாக ஓடுவதைக்கூட எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்கக் கழற்றிவிடுவான்.

அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது அந்தக் கைக்கு உண்மையான வேலை வந்தது. அம்மாவுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய், குழறலாக நாலைந்து சொற்கள் மட்டும் மிச்சம். ஜன்னல் ஓரத்துத் தொட்டிச் செடிகளையே பார்த்தபடி கிடப்பாள். எல்லாம் அவள் கையால் வைத்தவை. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையாவது அவளிடமே இருக்கட்டும் என்று லிஃப்ட்டு நினைத்தான். அதுவும் போய்விட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்று அவனுக்குப் பயம்.

ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் சின்ன மோட்டார், தொட்டிக்குத் தொட்டி மெல்லிய குழாய், கட்டில் தலைமாட்டில் பேச்சைக் கேட்கும் ஒரு டப்பா. 'தண்ணி விடு' என்றால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். அம்மாவுக்குத் 'தண்ணி' வாயில் வரவில்லை. சரி, வெறும் 'விடு' என்றாலே ஓடட்டும் என்று மாற்றிவைத்தான்.

"வி...டு" என்று அவள் முதன்முதலில் சொன்னதும் குழாய்கள் சொட்டின. கோணிய வாயோடு சிரித்தாள். லிஃப்ட்டு குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்திருந்தாள். சின்ன வயதில் அவனை இடுப்பில் சுமந்து திரிந்தவள். தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து துடைப்பதும் ஊட்டுவதும் துணி மாற்றுவதும் அவள்தான். இப்படி ஒரு அக்கா யாருக்கு வாய்ப்பாள் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவனும் வாய் ஓயாமல் அதையேதான் சொன்னான்.

பிறகு செடிகள் அழுக ஆரம்பித்தன.

மோட்டார் ஓடினால் அவன் போனில் மணி அடிக்கும். எங்கோ ஒரு மாடியில் அவன் கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் சிணுங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சிணுங்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகள் வழிந்து தரையெல்லாம் ஈரம். இலைகள் மஞ்சளாகித் தொங்கும்.

"என்னடா மெஷின் இது? நான் வழுக்கி விழுந்தா ரெண்டு பேரையும் நீதான் தூக்கணும்," என்றாள் அக்கா.

"அம்மா அடிக்கடி சொல்றாங்களாக்கா?"

"அவங்க எங்கடா வாயத் தொறக்குறாங்க? உன் டப்பாதான் பேய் புடிச்ச மாதிரி தானா ஓடுது. தூக்கிப் போடு அத."

மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ரிலேயை மாற்றினான். மோட்டாரை மாற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலருகே காவல் இருந்தான். அநாவசியமாக ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் போன் சிணுங்கியது.

மெக்கானிக் வந்து நின்றால் சமர்த்தாக ஓடி, அவன் போனதும் மக்கர் பண்ணும் லிஃப்ட்டுகள் உண்டு. அப்போது மெஷினை நோண்டிப் பயனில்லை, உள்ளே ஏறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இது அவனுக்குத் தெரியாததா? ஊரார் லிஃப்ட்டுக்கெல்லாம் ஆளைப் பார்த்தவன், வீட்டில் மட்டும் ரிலேயைப் பார்த்தான்.

அந்த வாரம் அம்மாவின் நல்ல கையில், முழங்கைக்கு மேலே, கன்றிப்போயிருந்தது.

"கட்டில் கம்பில இடிச்சுக்கிட்டாங்க," என்றாள் அக்கா. இருக்கும் என்று தைலம் தடவிவிட்டான்.

கடைசியில் டப்பாவின் ஒயரையே பிடுங்கிவிட்டு, மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சாரைச் செருகினான். காய்ந்தால் மோட்டார் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அம்மா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை எடுத்தபோது தொண்டைக்குள் என்னவோ சத்தம் எழுப்பினாள்.

"செடி செத்துரும்மா. இனிமே அதுவே பாத்துக்கும். நீ நிம்மதியா தூங்கு," என்றான்.

போன் அடங்கியது. செடிகள் துளிர்த்தன. லிஃப்ட்டுக்கு ஒரே பெருமை, வேலை செய்யும் இடத்திலெல்லாம் படம் காட்டினான். அம்மாதான், அக்கா ஊட்டியதைத் துப்பினாள். நாளுக்கு நாள் இளைத்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். அக்கா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அம்மாவின் துணி நனைந்திருந்தது. வழக்கமாக அக்கா அந்த வேலையை அவனைத் தொடவே விடமாட்டாள். இன்றைக்கு நாமே மாற்றுவோமே என்று, புரட்டுவதற்காக அம்மாவின் நல்ல கையை முழங்கைக்கு மேலே மெதுவாகப் பிடித்தான்.

அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது.

"விடு," என்றாள். "விடு... விடு... விடு..."

பழக்கத்தில் அவன் செடிகளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம்தான் உறைத்தது. அவள் தண்ணீர் கேட்கவில்லை. அத்தனை நாளும் அவன் சட்டைப்பையில் சிணுங்கியது இதுதான். வலிக்கிறது, கையை விடு என்று தினம் தினம் கெஞ்சியிருக்கிறாள். அதைக் கேட்க அந்த வீட்டில் ஒரு டப்பாதான் இருந்தது. அதையும் பெற்ற பிள்ளையே பிடுங்கிவிட்டான்.

"அம்மா, நான்தாம்மா. கண்ணத் தொற."

திறந்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அக்கா காலி பக்கெட்டோடு அறை வாசலில் வந்து நின்றாள். "நீ ஏன்டா தொட்ட? நான் வந்து பண்ண மாட்டேனா?" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "என்ன சொன்னாங்க?"

இடுப்பில் சுமந்த அக்கா. அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீ வெளிய போக்கா," என்றான். "இனிமே அம்மாவ நான் பாத்துக்கறேன்."

அக்கா நகரவில்லை.