கெங்கம்மாள் குத்திய சாமை

கெங்கம்மாள் சாமியிடம் பேசினாலும் சண்டைக்குப் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் சுத்தபத்தம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள நெல்லிவாசல்நாட்டு மலையூர்களிலேயே ஆள் கிடையாது. அவள் ஊரில் புதுச்சாமை அறுத்தால், காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்வரை ஒரு மணியைக்கூட வாயில் போடக் கூடாது. அந்தப் பொங்கலுக்கு இருபது வருஷமாக அடுப்பு மூட்டியவள் அவள்தான். பேத்தி செந்தாமரை ஒருமுறை பச்சைக் கதிரைக் கடித்துவிட்டதற்கு மூன்று தரம் வாய் கொப்பளிக்க வைத்துவிட்டாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றியது. பழைய சாமை ஆடியிலேயே தீர்ந்துபோனது. புதுசு வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து ஊர்க்கவுண்டர் கோவிந்தன் வீட்டில் சாவு. தீட்டு கழியப் பதினாறு நாள் என்று பொங்கலைத் தள்ளி வைத்தார்கள். வீடு நிறையத் தானியத்தை வைத்துக்கொண்டு ஊரே காட்டுக்கிழங்கைத் தின்றது.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு பெண் குழந்தை பெற்று எட்டு நாள். வெறும் வயிற்றில் பால் எங்கிருந்து சுரக்கும்? அழுதுகொண்டே இருந்த குழந்தை ஒரு காலையில் அழுவதையும் நிறுத்திவிட்டது. அந்தச் சத்தம் நின்றதும் கெங்கம்மாள் எழுந்தாள். புதுச்சாமையை உரலில் கொட்டி, பட்டப்பகலில் உலக்கையைப் போட்டாள். ஊருக்கே கேட்டது.

"ஆயா, வேணாம் ஆயா! சாமி கண்ணக் குத்திடும்!" எட்டு வயசுச் செந்தாமரை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"குத்துனா என் கண்ணத்தான குத்தும்? வுடுடி."

அம்மாக்கண்ணுவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்து, "புள்ள பெத்தவளுக்கு மொதல்ல குடுத்துட்டேன். நீயும் தாயிதான? கோவம்னா என்கிட்ட காட்டு," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

தீட்டு கழிந்ததும் ஊர் கூடியது.

"இன்னா கெங்கம்மா, நீயே இப்புடிப் பண்ணலாமா? மறைவாவாவது குத்தக் கூடாதா?" என்று கேட்டார் கோவிந்தன்.

"மறைச்சு செஞ்சா அது திருட்டுங்க."

இனி அவள் அடுப்பு மூட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டதைப் பற்றிப் பெரிய மனுஷர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொங்கலன்று கெங்கம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள். செந்தாமரை பொங்கலைப் பார்க்கவில்லை, ஆயாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறமும் பல மாதம் காலையில் எழுந்ததும் அந்தக் கண்களைத்தான் முதலில் பார்ப்பாள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாகும்வரை ஊசியில் நூல் கோத்தாள் கிழவி. அடுப்பு மட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

எண்பத்தாறு ஆவணியில் அவள் போய்ச் சேர்ந்தாள். உள்ளூரிலேயே வாக்கப்பட்ட செந்தாமரைக்கு இரண்டு மாதம் கழித்துக் குழந்தை பிறந்தது. அந்த வருஷமும் விளைச்சல் மோசம். காளியம்மன் பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள், அதுவரை புதுசைத் தொட முடியாது. ஆயா இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து அழுதுகொண்டிருந்தாள் செந்தாமரை.

அப்போது உலக்கைச் சத்தம் கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்து பார்த்தாள். அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் புதுச்சாமை குத்திக்கொண்டிருந்தது, அன்றைக்கு அழுகையை நிறுத்திய அந்தக் குழந்தைதான். சாந்தம்மாளுக்கு இப்போது பதினொரு வயசு.

தடியை ஊன்றிக்கொண்டு கோவிந்தன் தெருவில் வந்தார். உரலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சாந்தம்மாளின் உலக்கை பாதியில் நின்றது.

கிழவர் குழந்தையோடு நின்ற செந்தாமரையைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட? குத்தும்மா," என்றார். "புள்ள பெத்தவ பசியோட நிக்கிறா பாரு."