அரிக்காத கை

பெங்களூர் அடுகோடியில் அய்யாவுவின் வீட்டுக்கு யார் போனாலும், காபி வருவதற்கு முன்னால் அவருடைய உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

"தொடு, பயப்படாத. சிமெண்ட் குழைச்ச கை. மூணாங் கிளாஸ் தாண்டல நானு. மூணு மாடி எழுப்பினது இந்தக் கைதான்."

மஞ்சளும் சாம்பலுமாகக் காரை பிடித்து, வெடித்துக் கிடக்கும் அந்தக் கை. தொட்டவர்கள் வியந்தால் அதே கையால் தலையில் தட்டி ஆசீர்வாதம் செய்வார்.

மூன்று மாடி சும்மா எழும்பிவிடுமா? திருப்பத்தூரிலிருந்து ஒற்றை லுங்கியோடு வந்து, கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவர். படித்த இன்ஜினியர்கள் பிளானை விரித்துவைத்துத் தலையைச் சொறிந்தபோது, ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்துச் சொன்னவர். வேலையை விட்டுப் பதினைந்து வருஷமாயிற்று. காய்ப்பெல்லாம் கரைந்து, கை வாத்தியார் கை மாதிரி மெத்தென்று ஆகிவிட்டதே என்று அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது. மனைவி காந்தா போன பிறகு தனியாகக் கிடந்த நாட்களில், போன வருஷம் அந்தக் காய்ப்பு தானாகவே திரும்பி வந்தது. உழைத்த உடம்பு, தன் அடையாளத்தை அது விட்டுக்கொடுக்காது என்று பூரித்துப்போனார்.

பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்தார். எத்தனை சாரத்தில் நடந்தவர்! ஓசூரில் வேலையாயிருந்த மகன் பிரகாஷும் மருமகள் சௌம்யாவும் அவரோடு வந்து தங்கினார்கள். அதே வாரத்தில், அவரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, ஒரு ஏஜென்சி மூலமாக விஜி வந்து சேர்ந்தாள்.

மூன்றாம் நாளே விஜி சொறிய ஆரம்பித்தாள். விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில். ஐந்தாவது வாரம் சௌம்யா சொறிந்தாள். அடுத்து பிரகாஷ்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அய்யாவு கண்ணை மூடினால், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்கும். பறக், பறக். நகம் தோலைக் கீறுகிற சத்தம். அந்தச் சத்தம் அவருக்குப் புதிதில்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், கோரமங்கலாவில் ஒரு கட்டடம். தகரக் கொட்டகையில் ஒன்பது ஆட்கள். பத்தாவதாக வந்தவன் பெர்னார்ட். அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். சிரித்தால் கொட்டகையே சிரிக்கும். படுக்க ஒன்றும் இல்லாமல் வந்தவனுக்கு, அய்யாவு தான் அந்த வாரம் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய கம்பளியில் பாதியைக் கொடுத்தார். மூன்றாம் நாள் பெர்னார்ட் சொறியத் தொடங்கினான். பறக், பறக்.

"எனக்கு மட்டும் ஏன்ணே அரிக்குது?" என்று கேட்டான்.

"நாத்தம் புடிச்ச இடத்துல வளந்தவன் கேக்குற கேள்வியப் பாரு" என்று ஆட்கள் சிரித்தார்கள். அப்போது புதிதாக மேஸ்திரி ஆகியிருந்த அய்யாவு, கண்டிப்பைக் காட்ட வேண்டிய நேரம் என்று நினைத்தார். பெர்னார்ட் படுத்த சாக்கைக் கொளுத்தி, மழையோடு மழையாக அவனை வெளியே தள்ளினார். ஓசூர் ரோட்டில் நனைந்துகொண்டே, முழங்கையைச் சொறிந்தபடி போனதுதான் கடைசி. அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாசம் கழித்துக் கொட்டகை முழுக்கச் சொறிந்தது. கந்தகக் களிம்பைத் தடவிக்கொண்டே எல்லாரும் பெர்னார்டைத் திட்டினார்கள். அதிகமாகத் திட்டியவர் அய்யாவு.

இப்போது சௌம்யா அதே வேகத்தில் இருந்தாள்.

"மாமா, இந்தப் பொண்ணுதான் கொண்டுவந்து விட்டிருக்கு. ஏஜென்சி ஜாய்சன் சார்கிட்ட சொல்லிடப் போறேன். வேற வீட்டுக்கும் இவளை அனுப்பக் கூடாது."

விஜிக்கு இந்த வேலையை விட்டால் வேறில்லை. சிரங்குக்காரி என்று ஏஜென்சியில் பேர் விழுந்தால் பெங்களூரில் ஒரு வீடும் கதவைத் திறக்காது. அவள் அழவில்லை. அய்யாவுவின் முதுகைத் துடைத்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாத்தா, இந்த வீட்ல எல்லாருக்கும் அரிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் அரிக்கல?"

அய்யாவுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகக் காதுக்குள் கிடந்த கேள்வியை யாரோ சட்டையைப் புரட்டுவது மாதிரி புரட்டிப் போட்டிருந்தார்கள்.

"இது சிமெண்ட் தின்ன தோலு, பாப்பா" என்று சிரித்துச் சமாளித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமை எல்லாருமாகப் பிரேசர் டவுனில் தோல் டாக்டர் சிந்தியாவைப் பார்க்கப் போனார்கள். விஜியையும் கூட்டிப்போனார்கள், அவள்தான் காரணம் என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டால் ஏஜென்சிக்குச் சொல்ல வசதி என்பது சௌம்யாவின் கணக்கு. அய்யாவு போனது வேறு காரணத்துக்கு. அரிக்காத உடம்பு எப்படி இருக்கும் என்று ஒரு டாக்டரும் பார்க்கட்டுமே!

"தொட்டுப் பாரும்மா" என்று கையை நீட்டினார்.

டாக்டர் தொடவில்லை. கிளவுஸை மாட்டிக்கொண்டு கையை விளக்கடியில் திருப்பினார்.

"ஐயா, கடைசியா எப்ப சிமெண்ட் குழைச்சீங்க?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"அப்ப இது சிமெண்ட் காய்ப்பு இல்லையே."

பிளேடால் அந்தக் காரையைக் கொஞ்சம் சுரண்டி, எண்ணெய்விட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பொருத்தினார். அய்யாவு பழக்க தோஷத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு, கண்ணாடி மாதிரி உடம்பில் ஏதோ நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் முட்டைகள். நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. மூன்று மாடி கட்டிய கையில், அவருக்குத் தெரியாமல் ஊரே குடியிருந்தது.

"எனக்கு அரிக்கவே இல்லியேம்மா" என்றார்.

"அரிப்பை உண்டாக்குறது பூச்சியோட கடி இல்லீங்க ஐயா. அது தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்குது, அங்கேயே கழிவும் போடுது. இது வேத்து ஆளுன்னு உடம்பு கண்டுபிடிச்சு சத்தம் போடுது பாருங்க, அதுதான் அரிப்பு. முதல் தடவைன்னா கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆயிடும். முன்னாடி வந்தவங்களுக்கு ரெண்டு மூணு நாளே போதும். உடம்பு மறக்காது." டாக்டர் விஜியிடம் திரும்பினார். "உனக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்தப்போ, மேடம்."

"அதான். நீ கொண்டுவந்திருந்தா சொறிஞ்சுகிட்டேதான் அந்த வீட்டுக்குள்ள வந்திருப்ப."

அய்யாவு தினம் போடுகிற மாத்திரை அட்டையை விஜி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வீசிங்குக்காக மூன்று வருஷமாக மெடிக்கலில் அவராகவே கேட்டு வாங்கி விழுங்கிய சின்ன வெள்ளை மாத்திரை.

"ஸ்டீராய்டு. உடம்போட காவல்காரனைத் தூங்க வெச்சிடுச்சு. சத்தம் போட ஆள் இல்லைன்னதும் பூச்சி இஷ்டத்துக்குப் பெருகிடுச்சு. மத்தவங்க உடம்புல பத்துப் பதினஞ்சு இருந்தா அதிகம். உங்க கையில ஆயிரக்கணக்குல இருக்கு. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, நான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத் தரேன்."

அய்யாவு கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"ஏம்மா... பத்துப் பேரு இருக்கற இடத்துல மொதல்ல சொறியறவன், அவன் கொண்டுவந்தவனா இல்லாமப் போகலாமா?"

"தாராளமா. அவன் உடம்பு மொதல்ல கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

பெர்னார்ட் வந்த முதல் இரண்டு நாளும் அவன் கை சும்மா இருந்தது. அது அவருக்கு இப்போது துல்லியமாக ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னான். சொறியவில்லை. கம்பளி அய்யாவுவுடையது.

வெளியே பெஞ்சில் சௌம்யா போனை எடுத்தாள். "டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். ஆள மாத்திடலாம் மாமா. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"போனை இங்க குடு."

வாழ்நாளில் யாரிடமும் தப்பு என்று சொல்லிப் பழகாத வாய் அது. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"ஜாய்சன் சார்? அடுகோடி அய்யாவு பேசறேன். எங்க வீட்ல சிரங்கு. வெச்சிருந்தது நானு. உங்க பொண்ணுக்கு எங்கிட்டருந்துதான் ஒட்டிச்சு. அது மேல ஒரு வார்த்தை யாராவது சொன்னா என்னைக் கூப்பிடுங்க."

போனைச் சௌம்யாவிடம் திருப்பிக் கொடுத்தார். அய்யாவு விஜியைப் பார்க்காமல் சொன்னார்: "பூச்சி வளக்கறதுலயும் நம்மள மிஞ்ச ஆள் கெடையாது, பாத்துக்க."

விஜி சிரிக்கவில்லை. "கைய நீட்டுங்க தாத்தா. இனிமே யார் தலையிலயும் வெக்காதீங்க."

வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை மருந்து தடவினார்கள். துணி, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழுந்து மொட்டை மாடியில் காய்ந்தன. அய்யாவுவுக்கு மட்டும் விழுங்க மாத்திரை, காரையைக் கரைக்கக் களிம்பு என்று வாரக்கணக்கில் போயிற்று. காரை அடுக்கடுக்காக உரிந்து விழுந்தது. அடியில் இருந்த தோல் பச்சைப் பிள்ளையுடையது போலச் சிவந்திருந்தது. வந்தவர்களிடம் அதைத் தொடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பூச்சி செத்த பிறகும் கொஞ்ச நாள் வீட்டில் அரிப்பு இருந்தது. செத்ததின் மிச்சத்தைப் பார்த்தும் உடம்பு சத்தம் போடுமாம். பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். வீடு அமைதியானது.

ஒரு மத்தியானம் அய்யாவு கண்ணை மூடியிருந்தார். பறக், பறக்.

திடுக்கிட்டு விழித்துச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். விஜி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நிற்கவில்லை. மெதுவாகக் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை, இடது உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"தாத்தா, சொறியாதீங்க!" என்று விஜி குரல் கொடுத்தாள். "மாத்திரை குறையுதில்ல, உடம்பு முழிச்சுக்குது. நல்லதுதான்னு டாக்டர் சொன்னாங்க."

அய்யாவு கையை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இப்போது அரிக்கவில்லை. அவருக்கு மட்டும்தான். பெர்னார்ட் கேட்ட அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்பதற்கு அவன் இல்லை.

அவர் சொறிந்துகொண்டே இருந்தார்.