பால்கோவா பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர்

அரைக்கிலோ பெட்டி மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் கால்கிலோ பெட்டி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, ஜெபக்குமார் இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு முன்னால் வந்து உச்சிப் பெட்டியை விரல்நுனியால் அரை அங்குலம் தள்ளுவார். மறுபடியும் பின்னால் போவார். எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வந்த வெற்றுப் பெட்டிகள். அவர் கணக்கில் அடியில் இருப்பது மதர்போர்டு. நடுவில் பவர் சப்ளை. அதற்கு மேலே வெறும் காற்று. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அச்சடித்த ஒரு கோபுரம்.

"கோபுரம் எந்தப் பக்கம் பாக்குதோ, சூடு அந்தப் பக்கமா வெளிய போகும்" என்று விளக்கம் வேறு.

"ஏழு மாசமா பெட்டிதான் வளருது. கம்ப்யூட்டரக் காணோம்" என்பாள் மனைவி ஹெப்சிபா, லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமலே.

ஜெபக்குமார் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். இருபத்துநான்கு வருடமாக அவருடைய ஜென்மப் பகை பஞ்சு. "மனுசனுக்குச் சக்கரை வியாதி, மெஷினுக்குப் பஞ்சு. ரெண்டும் சத்தங்காட்டாம ஆளத் தின்னுரும்" என்பார், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடம். ஒருநாள் ஹெப்சிபாவின் லேப்டாப் அனலாய்க் கொதிக்க, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து திறந்தவர், உள்ளேயிருந்து ஒரு சிட்டுக்குருவிக் கூடு அளவுக்குப் பஞ்சை உருவி எடுத்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "பாவம், மூச்சு முட்டி ஓடியிருக்கு, ஒரு வார்த்த சொல்லல" என்றார்.

அன்று பிறந்ததுதான் புதுக் கம்ப்யூட்டர் திட்டம். அதில் ஃபேனுக்கு முன்னால் வடிகட்டியாகப் பேண்டேஜ் துணி கட்டுவதென்று முடிவானது. ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? துணியை மூக்கின்மேல் இழுத்துப் பிடித்து, மூச்சு வாங்கி, மனசுக்குள் பத்து எண்ணுவார். சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் இந்தப் பரீட்சை நடக்கும்.

"அடிபடுறதுக்கு முந்தியே கட்டு போட்ட டாக்டரு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ஹெப்சிபா.

கம்ப்யூட்டர் சின்னதாக இருந்தாக வேண்டும். வீடு ஒரு ஹாலும் ஒரு அடுப்படியும். மேஜைக்குக் கீழே அரிசி டிரம். மேஜைக்கு மேலே சுவர் அலமாரியில் காலியாக ஒரே ஒரு தட்டு. ஒரு அடி உயரம், முக்கால் அடி ஆழம். கோயில் கருவறைக்குச் சிலை செய்பவர்போல் அந்தத் தட்டுக்காகவே கம்ப்யூட்டரைச் செதுக்கிக்கொண்டிருந்தார் ஜெபக்குமார். பழைய லாக்புக்கில் பதினேழு முறை படம் வரைந்தாயிற்று.

ஆனால் ஹெப்சிபாவுக்கு அது பொம்மை விளையாட்டல்ல. அவள் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். ஒரு பக்கம் சேவ் ஆவதற்குள் சோறு வடித்துவிடலாம், ரசமும் தாளித்துவிடலாம். போன மாதம் ஒரு மணப்பெண் பாதி முகத்தோடு திரையில் உறைந்து, மறுநாள் காலையில்தான் மீதி முகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சீனிச்சாமி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "தை முகூர்த்தம் பதினோரு ஆல்பம் இருக்கு தாயி. அதுக்குள்ள மெஷின மாத்தலைன்னா மதுரைக்கு அனுப்பிருவேன், வருத்தப்படக் கூடாது." சீட்டு எடுத்த ஐம்பதாயிரம் பீரோவில் இருந்தது. அவளுடைய சீட்டு.

பிறகும் ஏன் வாங்கவில்லை? பஞ்சு ஊர்க்காரர் அல்லவா! புரட்டாசியிலேயே தென்காசி சாலை கம்ப்யூட்டர் கடை ஜோயல் எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கொடுத்தார். கனமான படங்களைத் தாங்குகிற மெமரி மட்டும் ஏழாயிரம். ஜெபக்குமார் மர்மமாகச் சிரித்தார்.

"இப்ப வாங்குறவன் ஏமாளி. கார்த்திகை, மார்கழியில வரத்து கூடும். வெல தன்னால எறங்கும். இருபத்திநாலு வருசமாப் பாக்கேன்."

மார்கழியும் வந்தது. துணிப்பையில் பணத்தோடு, மனைவியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். ஜோயல் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்தொம்பதாயிரம்."

"எல்லாமாச் சேத்தா?"

"மெமரி மட்டும். உலகம் பூராத் தட்டுப்பாடு. நான் அன்னைக்கே வாங்கச் சொல்லித் தலையால தண்ணி குடிச்சேன். பஞ்சுன்னா மார்கழியில எறங்கும், மெமரி செடியிலயா அண்ணாச்சி காய்க்கி?"

ஜெபக்குமார் அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சாவுச் செய்தி வந்த வீட்டில் உட்காருவதுபோல் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஹெப்சிபா திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஏதோ ஒரு வயரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெமரியப் பாதியாக் கொறைச்சா?" ஜெபக்குமார்தான் கேட்டார்.

"கொறைக்கலாம். பொறவு அக்கா திரும்பவும் சோறு வடிக்க வேண்டியதுதான்." ஜோயல் விலை போட்ட காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இன்னொரு வழி இருக்கு. சின்ன போர்டு, சின்ன பவர் சப்ளை, சின்ன டப்பா... சின்னதா இருக்கதுக்குத்தான் அண்ணாச்சி இதுல கூடுதல் காசு. மூணையும் விட்டுட்டுச் சாதாரண சைஸுக்கு வந்தா பன்னெண்டாயிரம் மிஞ்சும். மெமரி முழுசாப் போட்டுறலாம்."

அலமாரித் தட்டு, பதினேழு படம், ஏழு மாதம். ஜெபக்குமார் வெளியே போய் நின்று, சாலையில் போன மூன்று பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"பெரிய டப்பாவே போடு."

"அலமாரியில அது நிக்காதேங்க" என்றாள் ஹெப்சிபா. கடைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை.

"மணப்பொண்ணு முழுசா வரணும்லட்டி" என்றார் அவர்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டி வீடு வந்தது. பைக்கில், அவர் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே, அவருடைய தாடை அதன்மேல் ஊன்றியபடி. ஹாலில் இறக்கி வைத்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தரையில்தான் நிற்கும். காற்று போக இடம் விட்டு நிறுத்தினால் மேஜையை ஒன்றரை அடி இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் என்பது ஜெபக்குமார் பாய் விரிக்கிற இடம்.

"இங்கன இழுத்தா நீங்க எங்க படுப்பீக?" ஹெப்சிபா மேஜைக் காலைப் பிடித்தபடி நின்றாள்.

ஆறடி மனிதர் பட்டப்பகலில் பாயை எடுத்து உதறி விரித்தார். சுவரோரம் தலை வைத்துப் படுத்து, இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியே கிடந்தபடி ஒரு கையை மட்டும் விடுவித்து, "இழு, இழு" என்று அவளுக்கு ஜாடை காட்டினார்.