அம்மா கையெழுத்துப் போட்ட இரண்டாவது பக்கம்

போன வருடம் தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தபோது, ஜோர்ஜ் டவுனில் அம்மாவின் தையல் கடையில் நடந்தது இது. பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் முன்பாதிதான் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, சுவரோரம் வாடிக்கையாளர்களின் துணிப் பைகள். எங்கள் வீடு இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரி ஏறி வந்து பதினொரு வருடமாக அம்மா அங்கே ரவிக்கை தைக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகமும் போனேன். இப்போது பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும். அதையும் எழுதுகிற மாதிரி இருக்காது, கோலம் போடுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வரும் கடிதம், பில், ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்கிறேன். அதில் எனக்கு எப்போதும் பெருமை. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று சனிக்கிழமை, நானும் கடையில் இருந்தேன். கட்டடத்தை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, புது உரிமையாளரின் ஆள் ஒருவர் வந்தார். நம் தமிழ் ஆள்தான். அம்மாவை வாய் நிறைய அக்கா அக்கா என்றார். உரிமையாளர் பெயர் மாறியதால் புதுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டுமாம், வேறு எதுவும் மாறாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, “தங்கச்சி டிகிரி முடிச்சவங்க, ரெண்டு நிமிஷத்துல படிச்சிருவாங்க லா” என்றார்.

முதல் பக்கத்தில் பெயர், முகவரி, கடை எண். எல்லாம் புரிந்தது. இரண்டாவது பக்கம் முழுக்கச் சட்ட ஆங்கிலம். மூன்றாவது வரியிலேயே நான் தொலைந்துபோனேன். அவர் பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றார். அம்மா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரி வரை கண்ணை மட்டும் ஓட்டிவிட்டு, “சரியாத்தான் இருக்கு, போடுங்கம்மா” என்றேன். அம்மா போட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் எனக்காக எடுத்து வைத்திருந்தார். புது உரிமையாளரின் வழக்கறிஞர் எழுதியது: பழைய ஒப்பந்தத்தில் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தும், அதை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். கேட்டதும் காலி செய்வதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறீர்கள். ஆகவே பதினான்கு நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

என்ன கடிதம் என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை, முகவரி மாற்றுகிற விஷயம் என்று பொய் சொன்னேன்.

அந்தக் கடிதத்தை நான்கு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஃபெரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தீபாவளி முடிந்ததும் மூன்றாவது மெஷின் ஒன்று வாங்கலாமா என்று கணக்குப் போடுவார். நான் கடலைப் பார்ப்பேன். வேலையிடத்தில் போன் அடித்தால் அம்மாவா என்று முதலில் பார்ப்பேன், கடைக்குப் பூட்டு போட வந்துவிட்டார்களோ என்று. கடையில் இருந்த ஒப்பந்த நகலின் இரண்டாவது பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் நின்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தேன். அம்மாவை வெளியேற்றும் வரி நடுவில் தெளிவாகவே இருந்தது. அன்று பத்து நிமிடம் பொறுமையாகப் படித்திருந்தால் எனக்கே பிடிபட்டிருக்கும்.

ஐந்தாவது நாள் அரை நாள் விடுப்பு எடுத்து, இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் ஓர் இடத்துக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும் ஒரு வழக்கறிஞர் அம்மையார் கடிதத்தையும் நகலையும் வாங்கி அமைதியாகப் படித்தார். இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவங்க தனியா இருந்து போட்டிருந்தா, படிக்கத் தெரியாதவங்கள ஏமாத்திட்டாங்கன்னு நான் அடிச்சுப் பேசலாம். இப்ப அந்தப் பக்கத்து லாயர் முதல்ல கேக்கப்போறதே, பட்டதாரி மக பக்கத்துலதானே நின்னாங்கன்னுதான்.”

என் பட்டத்தைக் காட்டியே அம்மாவைத் தெருவில் நிறுத்தலாம் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. வாடகைக்கு இருப்பவர் நீங்கள் இல்லை, நாளைக்கு அம்மாவை அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. கடைக்குப் போனேன். அம்மா கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைச் சொன்னேன். நான்கு நாள் மறைத்ததைச் சொன்னேன். அன்று எனக்குப் புரியவே இல்லை என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எத்தன நாளு இருக்கு?”

“ஒம்பது.”

சுவரோரப் பைகளை ஒரு தடவை பார்த்தார். “புரியலன்னு சொல்லியிருக்கலாமேடி. நான் என்ன மார்க்கு போடவா உக்காந்திருந்தேன்?” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அடுத்த கொக்கியை எடுத்தார்.

மறுநாள் அம்மையார் எல்லாவற்றையும் அம்மாவிடமே முதலிலிருந்து கேட்டார். அந்த ஆள் எழுத்தில் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்றார். எழுத்து எனக்கு எதற்குங்க, நான் பேசித்தான் அனுப்புவேன் என்று சொல்லி அம்மா போனை எடுத்தார். மீன்காரர் முதல் வாடிக்கையாளர் வரை அம்மாவுக்கு எல்லாரோடும் குரல் பதிவுதான். கையெழுத்துப் போட்ட அன்றே, நான் சாப்பாடு வாங்க வெளியே போயிருந்த நேரத்தில், அந்த ஆளுக்கு ஒன்று அனுப்பியிருந்தார். பழைய ஒப்பந்தத்தில் பாக்கி இருக்கும் ஒன்றரை வருடம் அப்படியேதானே, எழுந்திருக்கச் சொல்லமாட்டீர்களே என்று. பதிலும் அவர் குரலிலேயே இருந்தது: “ஐயோ அக்கா, அப்பவே சொன்னேன்ல, ஓனர் பேரு மட்டும்தான் மாறுது. முடியிற வரைக்கும் இருங்க லா.”

அம்மையார் அதை இரண்டு முறை கேட்டார். மகள்தான் படித்துச் சொல்லிவிட்டாளே, பிறகு ஏன் அவரிடம் கேட்டீர்கள் என்றார்.

“இவ படிக்கிறப்ப மூஞ்சி சரியில்லங்க. அந்த ஆளு முன்னாடி புள்ளய விட்டுக்குடுக்க மனசு வரல, போட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல.”

இது மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேச இடம் கிடைத்துவிட்டது என்றார் அம்மையார். அந்தப் பதிவை அழிக்கக் கூடாது, யார் வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, அன்றே பதில் கடிதம் அனுப்பினார்.

அடுத்த ஒரு வாரம் அம்மா தைத்துக்கொண்டே இருந்தார். நான் தினமும் வேலை முடிந்து வந்து, முடித்த ரவிக்கைகளைப் பெயர் எழுதிப் பையில் கட்டினேன். திடீரென்று பூட்டிவிட்டால் அடுத்தவர் துணியாவது தப்பட்டும் என்று. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் பதில் வந்தது. பழைய ஒப்பந்தம் முடியும் வரை இருந்துகொள்ளலாம் என்று இரண்டே வரி. மன்னிப்பு எதுவும் இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் இப்போது ஐந்து மாதம்தான் மீதி. இரண்டு தெரு தள்ளி வேறு கடை பார்த்திருக்கிறோம். போன வாரம் புது ஒப்பந்தத்தை அந்தக் கடையின் உரிமையாளர் முன்னாலேயே வரி வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மூன்று இடத்தில் நிறுத்தி, இது எனக்குப் புரியவில்லை, அம்மையாரிடம் கேட்ட பிறகுதான் கையெழுத்து என்றேன். உரிமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். என் முகம் சூடானது, ஆனாலும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்றும் என் உள்ளங்கை வேர்க்கிறது; அந்தப் பயம் மட்டும் எனக்கு எந்த நாளும் தெளிந்துவிடக் கூடாது என்றே வேண்டிக்கொள்கிறேன்.